மோர்க்குழம்புக்கு ஒரு படி பருப்பு

டெங்குக் காய்ச்சலோடு ஆறு நாள் ஆசுபத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகியும் சீவரத்தினம் ஒழுங்காக ஒரு வாய் சோறு தின்னவில்லை. அவர் மனைவி சிவக்கொழுந்து பார்க்காத பக்குவம் இல்லை. குத்தரிசிக் கஞ்சி வைத்தாள். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். முருங்கையிலை வறுத்தாள். மல்லி அவித்த தண்ணீரில் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மனிதரிடம் இருந்த மறுமொழி ஒன்றுதான்: "வாய் கைக்குது." சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

கரவெட்டியில் மார்கழி மழை விட்டபாடில்லை. கிணறு குனிந்தால் கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பிக் கிடந்தது. வெங்காயப் பாத்திக்குள் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னாலும் எழும்பிப் பார்க்காத மனிதரை என்ன செய்வது? கிளினிக்கில் டொக்டர், இப்படியே பட்டினி கிடந்தால் திரும்பவும் கொண்டுவந்து சேலைன் ஏற்றத்தான் வேண்டிவரும் என்று கையை விரித்துவிட்டார். அறுபத்து மூன்று வயது உடம்பு, சாரத்தைக் கட்டினால் இடுப்பில் நிற்காமல் வழுகிக்கொண்டு போனது.

பத்தாம் நாள் காலையில், சிவக்கொழுந்து கட்டிலின் கீழே கூட்டிக்கொண்டு இருந்தபோது, அவராகவே வாயைத் திறந்தார்.

"கொழுந்து, கொஞ்சம் மோர்க்குழம்பு இருந்தால் ஒரு பிடி சோறு தின்னுவன் போலை கிடக்கு."

அவளுக்கு வந்த சந்தோசத்தில் விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அந்தச் சந்தோசம் வந்த வழியே போய்விட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் ஒருநாளும் மோர்க்குழம்பு வைத்ததில்லை. கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடமாகிறது. வைகாசி வெயிலுக்குச் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு மோர் குடித்திருக்கிறார்கள். மோரில் மிளகாயை ஊறவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். மோரை அடுப்பில் ஏற்றுகிற வழக்கம் அவள் தாய் வீட்டிலும் இல்லை, அவர் தாய் வீட்டிலும் இல்லை. அது இந்தியாச் சாப்பாடு.

இந்தியா என்ற சொல்லை எடுத்தால் சிவக்கொழுந்துக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் புரளும். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கின நேரம், மகள் தயாளினி எட்டு மாதக் கைக்குழந்தை, சிவக்கொழுந்தின் தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கை, அவளால் அசைய ஏலாது. இரண்டு மாதத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வல்வெட்டித்துறையில் வள்ளம் ஏறினவர் சீவரத்தினம். கடலும் பூட்டி, பாதையும் பூட்டி, அந்த இரண்டு மாதம் இருபத்தொரு வருடமாக நீண்டது. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டில் ஒரு பையும் நரைத்த மீசையுமாக வந்து இறங்கினார். திருச்சிப் பக்கம் முகாமில் இருந்தாராம், பெயின்ற் கம்பனியில் சூப்பர்வைசர் வேலையாம். அவ்வளவுதான் கதை. அங்கத்தை வெயிலைப் பற்றிச் சொல்லுவார், முகாமின் ஒற்றை அறைகளைப் பற்றிச் சொல்லுவார். அங்கே என்ன தின்றார், யார் கையால் தின்றார் என்று மட்டும் மறந்தும் வாய் விட்டதில்லை.

பக்கத்து வளவு உதயகலா அவர் வந்த வருடமே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, இருபத்தொரு வருசம் ஒரு ஆம்பிளை தன்பாட்டிலை இருக்குமோ? சும்மாதான் கேக்கிறன்." அவள் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சிவக்கொழுந்துதான் பதின்மூன்று வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள். அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயந்தான்.

இன்றைக்கு வேறு வழியில்லாமல் கேட்டாள், அதுவும் பாதிதான்.

"அங்கை உங்களுக்கு ஆர் மோர்க்குழம்பு வைச்சுத் தந்தது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது, அங்கை எல்லாரும் வைக்கிறவை" என்றார். மனிதர் சரியாகப் பதில் சொல்லவும் இல்லை, இல்லையென்று மறுக்கவும் இல்லை.

சரி, மனிதர் தின்னட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று உதயகலாவைக் கூப்பிட்டாள். உதயகலாவின் ஃபோனில் இல்லாத சமையல் உலகத்தில் இல்லை. இரண்டு பேரும் குசினிக்குள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நகத்துக்குச் சிவப்புப் பூசின ஒரு பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் மோர்க்குழம்பை வைத்து முடித்துச் சிரித்தது. என்ன போட்டது, எப்போது போட்டது என்று பார்க்க நாலு தரம் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. கடைக்கு ஓடிச் சட்டித் தயிர் வாங்கி, கரைத்து, அடுப்பில் ஏற்றினாள் சிவக்கொழுந்து. தாளிக்கிற நேரம் வீடியோவை மறந்து கை தன்பாட்டில் பெருஞ்சீரகப் போத்தலுக்குப் போனது. பெருஞ்சீரகமும் வெங்காயமும் இல்லாமல் வடமராட்சியில் எவள் தாளித்திருக்கிறாள்? குழம்பு கொஞ்சம் தண்ணீராகத் தெரிய, தேங்காய் முதற்பாலில் கொஞ்சம் ஊற்றினாள். இறக்கி வைத்து அரைத் தேசிக்காயும் பிழிந்தாள். உதயகலா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, சோக்காய் இருக்கு என்றாள்.

கோப்பை அறை வாசலுக்கு வர முதலே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"பெருஞ்சீரகம் போட்டிட்டாய்."

நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். "உது மோர் விட்ட சொதி" என்று கோப்பையைத் தள்ளினார்.

சிவக்கொழுந்துக்குச் சுருக்கென்றது. அவள் சமையலில் இதுவரை ஒருவரும் நொட்டை சொன்னதில்லை, இந்த மனிதர் உட்பட. "அப்ப என்ன போடோணும் எண்டு நீங்களே சொல்லுங்கோவன்" என்றாள், கொஞ்சம் காரமாகவே.

அவர் கண்ணை மூடியபடி சொல்லத் தொடங்கினார். கடைத் தயிர் சரிவராது, பசுப்பால் வாங்கி வீட்டில் உறை விட வேண்டும். இரண்டு நாள் விட்டு, மணந்து பார்த்தால் மூக்கு சுழிக்கிற அளவுக்குப் புளிக்க வேண்டும். நீத்துப்பூசணி முற்றினதாகப் பார்க்க வேண்டும், பிஞ்சு கரைந்துவிடும். துவரம் பருப்பும் பச்சை மல்லிவிதையும் நற்சீரகமும் ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு அரைக்க வேண்டும். மல்லியை வறுக்கவே கூடாது. வெங்காயத்தை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தேங்காய்ப்பால் என்ற பேச்சே இல்லை. சொல்லச் சொல்ல மனிதரின் குரல் ஏறிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளாகக் கேட்காத குரல். அதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

அயலிலுள்ள நமசிவாயம் வீட்டுப் பசுவில் ஒரு போத்தல் பால் வாங்கி உறை விட்டாள். மாரிக் குளிரில் தயிர் இலேசில் புளிக்குமா? முட்டியைச் சாக்கால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, காலையும் மாலையும் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். வேலிப்பக்கம் படர்ந்திருந்த கொடியில் சாம்பல் பூத்த நீத்துப்பூசணி ஒன்றை நனைந்து நனைந்து பிடுங்கி வந்தாள். வீடியோவையும் உதயகலாவையும் இந்தமுறை கிட்டவும் எடுக்கவில்லை.

சாமான்களை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தபோது அவளுக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. இந்தக் குழம்பை முதலில் வைத்தவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள்? தயிர் புளிக்க இரண்டு நாள் காத்திருக்கிறவள் பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும். தாளிக்கக் காய்ந்த செத்தல் மிளகாய் ஒன்றே ஒன்று போதுமாம், அப்படியானால் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டாள். வெங்காயம் உரிக்காத கை, மிருதுவான கையாக இருக்கும். சிவக்கொழுந்து தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மல்லியைக் கறுக்க வறுத்தே பழகினவள், பச்சை மல்லியை அம்மியில் வைத்து இழுத்தபோது எழும்பின வாசத்தில் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். மழையில் நனைந்த புல்லின் வாசம் மாதிரி இருந்தது. இந்த வயதுக்கு இப்படி ஒரு வாசத்தை மணந்ததில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த முகம் தெரியாத பெண்ணின் மேல் கோபப்படக் கிடைத்த நேரத்தை, சை, அவளிடம் இன்னும் என்னென்ன பக்குவம் இருக்குமோ என்று யோசிப்பதில் செலவழித்துவிட்டாள்.

இதற்கிடையில்தான் அந்தப் பருப்புக் கதை நடந்தது. ஊறப்போடுகிறபோது பருப்பின் அளவு தெரியவில்லை. அரை நித்திரையில் கிடந்தவரைக் கேட்டாள்.

"பருப்பு எவ்வளவு போட?"

"ஒரு படி."

"என்ன?"

"முதல் ஒரு படி ஊறப்போடு. காணாட்டில் பேந்து பாப்பம்."

அந்த வீட்டில் அரிசியும் பருப்பும் அளக்கிறது சின்னச் சுண்டுப் பேணியில். இரண்டு பேருக்குப் பருப்புக் கறியென்றால் கால் சுண்டு தாராளம். படியென்றால் எவ்வளவு என்று அவளுக்கு மட்டுக்கட்டத் தெரியவில்லை. பின்னேரம், பிரதேச செயலகத்தில் கிளாக் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தயாளினி தகப்பனைப் பார்க்க வந்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவள் வீடு. அவள் ஃபோனில் தேடிப் பார்த்து, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும் அம்மா என்றாள்.

ஒன்றரைக் கிலோப் பருப்பு தின்ன எத்தனை வாய் வேண்டும்? அடுத்த நாள் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டு சிவக்கொழுந்து எண்ணிப் பார்த்தாள். அவள் ஒருத்தி. அவளுக்குத் தாய் தகப்பன் இருக்கலாம். தம்பிமார் இருந்தாலும் இருப்பார்கள். எவ்வளவு இழுத்தாலும் ஆறுக்கு மேலே போகவில்லை. அப்படியானால் மிச்ச வாயெல்லாம் பிள்ளைகள். இருபத்தொரு வருடத்தில் நாலு என்ன, ஐந்தே பெறலாம். மூத்தவனுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். அவனுக்கும் இவருடைய மூக்கு இருக்குமோ? களைந்த தண்ணீரை ஊற்றுகிறேன் என்று அரிசியில் பாதியை வாழையடியில் ஊற்றிவிட்டாள்.

தயாளினியிடம் வாய் விட்டுச் சொன்னபோது அவள் தாயை ஏற இறங்கப் பார்த்தாள். காய்ச்சல்காரன் அரை நித்திரையில் பிதற்றினதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பார்களா என்று பேசினாள். பேசிவிட்டுப் போக எழும்பினாள். பிறகு, "அஞ்சு பேரோ அம்மா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் தயிர் புளித்தது. அரைத்த கூட்டைப் பூசணிக்காயோடு கொதிக்கவிட்டு, கடைந்த மோரை ஊற்றி, கடுகும் வெந்தயமும் ஒரு செத்தல் மிளகாயும் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டிக் கொண்டுபோனாள். சீவரத்தினம் ஒரு வாய் வைத்தார். அதை வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். பதினெட்டு நாளில் முகம் சுழிக்காமல் விழுங்கின முதல் வாய் அது.

"கிட்ட வந்திட்டாய்" என்றார். "மோர் விட்டாப்போலை கொதிக்க விட்டிட்டாய். அதுதான் திரைஞ்சுபோச்சு." இரண்டாவது வாய் அவர் எடுக்கவில்லை.

மிச்சத் தயிரில் பாதியை எடுத்து அடுத்த நாள் பின்னேரம் இன்னொரு தரம் வைத்தாள். நெருப்பை அளவாக எரியவிட்டு, மோரை ஊற்றி, அகப்பையால் மெல்லத் துழாவிக்கொண்டு நின்றாள். ஈர விறகு புகைத்துக்கொண்டு இருந்ததால் கண்ணில் தண்ணீர் வடிந்தது. சட்டிக்குள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அந்நேரம் அறைக்குள் இருந்து குரல் வந்தது.

"கொழுந்து, இறக்கு. நுரை கட்டுது."

பதறிப்போய் இறக்கினாள். குனிந்து பார்த்தால், சட்டியின் விளிம்பைச் சுற்றி அப்போதுதான் வெள்ளையாக நுரை பிடித்திருந்தது. சட்டிக்கு நேரே நின்ற அவளுக்குத் தெரியாதது சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு வாசத்திலேயே தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் குசினிப் படியை மிதித்து அறியாத மனிதர். தண்ணீர் வேண்டுமென்றால் விறாந்தையில் இருந்து குரல் கொடுக்கிறவர். அந்த மனிதர் இன்னொருத்தியின் அடுப்புக்குப் பக்கத்தில், அவள் சமைக்கச் சமைக்க, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்திருக்கிறார். இல்லாவிட்டால் இது எப்படித் தெரியும்?

சட்டியை மூடினாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள். தயாளினி அப்போதுதான் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு வந்து ஏறினாள். அவளையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனாள்.

"இஞ்சாருங்கோ. அந்த மனுசியின்ரை நம்பரைத் தாங்கோ."

சீவரத்தினம் திரும்பிப் பார்த்தார். "எந்த மனுசி?"

"உங்களுக்கு மோர்க்குழம்பு வைச்சுத் தந்த மனுசி. நான் சண்டை பிடிக்க வரேல்லை. அம்பத்தெட்டு வயசிலை சண்டை பிடிச்சு இனி என்னத்தைக் காணப்போறன்? நீங்கள் தின்னோணும், அவ்வளவுதான். அவவிட்டையே கேட்டு வடிவாச் சமைச்சுத் தாறன். பிள்ளையள் எத்தினை எண்டதையும் அப்பிடியே கேட்டு அறியிறன்."

மனிதர் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது போல உதடு இழுபட்டது, ஆனால் வந்தது இருமல். இருமி முடித்துத் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இந்திய நம்பரை ஒரு இடத்திலும் தட்டாமல் ஒப்புவித்தார். நம்பர் பாடமாக வேறு இருக்கிறதே என்று சிவக்கொழுந்து மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

தயாளினி நம்பரை அடித்து, சத்தத்தைக் கூட்டி, தாயின் கையில் கொடுத்தாள். மூன்றாவது மணிக்கு எடுத்தது ஒரு ஆண் குரல்.

"ஹலோ, குமரேசன் பேசறேன். கல்யாண ஆர்டருங்களா?"

சிவக்கொழுந்து தடுமாறிப்போனாள். இது அந்த மனுசியின் தம்பியாக்கும் என்று நினைத்துக்கொண்டு, தான் யாழ்ப்பாணத்தில் இருந்து, சீவரத்தினத்தின் வீட்டில் இருந்து கதைப்பதாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"யாரு, எங்க ரத்தினம் மாஸ்டர் வீட்டுலேருந்தா? அப்ப நீங்க கொழுந்து அண்ணியா?"

தன் பெயரைக் கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாதவன் சொன்னதைக் கேட்டு அவள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். "ஓம்" என்று மட்டும் வந்தது.

அவன் மூச்சு விடாமல் கொட்டினான். மாஸ்டர் எப்படி இருக்கிறார், அவர் போன பிறகு குழுவே களை இழந்துபோனது, தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் வரைக்கும் இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். அவள் ஒருவழியாக இடையில் புகுந்து, அவருக்குக் காய்ச்சல் வந்து வாய் செத்துக் கிடக்கிறது, மோர்க்குழம்பு கேட்கிறார், எனக்குப் பக்குவம் பிடிபடவில்லை, அதை வைத்துக் கொடுத்த ஆளிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள்.

குமரேசன் சிரித்தான். "என்னங்க அண்ணி, எங்கிட்ட கேக்கறீங்க? எங்களுக்கே அவருதானே சொல்லிக்குடுத்தாரு. முந்நூறு இலை போட்டாலும் மோர்க்குழம்பு அவரு கையாலதான் வைப்பாரு, வேற ஆளத் தொட விடமாட்டாரு. பதினெட்டு வருஷம் எங்களோட இருந்தாரு அண்ணி. அவருகிட்டயே கேளுங்க."

ஃபோன் அடங்கியது. தயாளினிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பெயின்ற் கம்பனி சூப்பர்வைசர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சீவரத்தினம் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் தேங்காய் துருவத்தான் கூப்பிட்டார்களாம். அதற்கும் முதல் எச்சில் இலை எடுத்திருக்கிறார். பிறகு மரக்கறி வெட்டி, அரைத்து, கிளறி, ஏழாம் வருடத்தில் அகப்பை கைக்கு வந்ததாம்.

"உன்ரை அப்பர் வீட்டிலை செம்பிலை தண்ணி கொண்டுவந்து கையிலை தந்தாத்தான் குடிச்ச ஆள் நான். ஊராற்றை எச்சில் இலை எடுக்கிறன் எண்டு உனக்கு எப்பிடி எழுதிறது? திரும்பி வரேக்கை பிள்ளைக்குக் கலியாணம் பேசிற நேரம். தேப்பன் என்ன செய்தவர் எண்டு கேட்டால் கலியாண வீட்டுச் சமையல்காரன் எண்டு சொல்லுறதோ?"

சிவக்கொழுந்துக்கு நெஞ்சுக்குள் பதின்மூன்று வருடமாகக் கிடந்த முள் கழன்றது. அந்தப் பெண்ணும் இல்லை, ஐந்து பிள்ளைகளும் இல்லை, அந்த மூக்கும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். விட்ட கையோடு, அந்த முள் இருந்த இடத்தில் கோபம் வந்து ஏறியது. இத்தனை வருடம் மரியாதைக்கு நீங்கள் என்று சொன்ன வாயில் நீர் என்று வந்தது.

"நீர் போன பிறகு தோட்டம் ஆர் செய்தது? நான். மிசினுக்கு எண்ணெய் இல்லாத காலம் துலாவிலை இறைச்சன். மண்வெட்டி பிடிச்சன். புகையிலைக்கு மருந்தடிச்சன். பொம்பிளை பாத்தி கட்டுறாள் எண்டு ஊர் முழுக்க வேலியாலை எட்டிப் பார்த்தது. நான் ஒளிச்சனானோ? நீர் அகப்பை பிடிச்சதை நான் ஒருத்தி பார்க்கக்கூடாதோ?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்தார்.

"அதை விடும். முந்நூறு பேருக்குச் சமைச்ச மனுசன், பதின்மூண்டு வருசமா நான் மூட்டு நோவோடை அடுப்படியிலை நிக்க, விறாந்தையிலை இருந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறீர். எப்பிடி மனம் வந்தது?"

"கேக்கேக்கை எல்லாம் வெக்கமாத்தான் கிடந்தது" என்றார் அவர் மெல்ல.

"வெக்கப்பட்டது காணும். எழும்பும்."

எழும்பினார். பத்தொன்பது நாள் படுக்கையில் கிடந்த கால் நடுங்கியது. மகள் ஒரு பக்கம் பிடிக்க, சாரத்தை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு குசினிப் படியில் காலை வைத்தார். அவரை அடுப்படியில் விட்டுவிட்டு, வீட்டில் தன் பிள்ளைகள் தனிய நிற்கும் என்று தயாளினி குடையை விரித்துக்கொண்டு போனாள். அவள் சிரிப்பு ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

சிவக்கொழுந்து குசினிக் கதவோடு சாய்ந்து நின்று பார்த்தாள். அவர் அவள் இறக்கி வைத்த சட்டியைத் தொடவில்லை. ஆறின குழம்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றக் கூடாதாம். புதிதாகவே தொடங்கினார். முதலில் செய்த வேலை, புகைந்த ஈர விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் காய்ந்த தேங்காய்ப் பொச்சு மட்டையை வைத்து நெருப்பைத் தன் சொல்லுக்குக் கொண்டுவந்ததுதான். பூசணித் துண்டை உள்ளங்கையில் வைத்தே கத்தியை ஓட்டினார், பலகை தேடவில்லை. துண்டெல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக விழுந்தது. உப்புப் பேணிக்குள் கை போய் ஒரு பிடி அள்ளியது. அள்ளின கை அந்தரத்தில் நின்றது.

"ரண்டு பேருக்கு எவ்வளவு எண்டு தெரியேல்லை" என்றார்.

"நான் போடுறன்" என்று அவள் போட்டாள். பருப்புக் கூட்டையும் அவளே அளந்து கொடுத்தாள். மோரை ஊற்றினதும் அவர் சட்டிக்குள் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பி, மூக்கால் எதையோ கேட்பது போல நின்று, டக்கென்று இறக்கினார். ஒரு சொட்டை அகப்பையில் இருந்து இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். முப்பத்தாறு வருடம் தன் புருசனாக இருந்த மனிதரை அவள் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள் போலிருந்தது. கலியாண வீடுகளுக்குப் போனால் மனிதர் ஏன் பந்தலில் இராமல் பின்வளவுக்குப் போய் அடுப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று இப்போது விளங்கியது. பீடி பத்தத்தான் போகிறார் என்று அவள் இத்தனை நாளும் பேசிக்கொண்டு இருந்தாள், பாவம்.

"நீ இரு" என்றார்.

அவள் பலகையைப் போட்டு அதில் இருந்தாள். அவர் கோப்பையில் சோற்றைப் போட்டு, நடுவில் குழித்து, குழம்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தார். குனிந்து நிமிர அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு, அகப்பையைக் கையில் பிடித்தபடி ஒரு அடி பின்னுக்குத் தள்ளி நின்றார்.

தாய் போன பிறகு சிவக்கொழுந்துக்கு ஒருவர் சோறு போட்டுக் கொடுத்தது இதுதான் முதல்தரம். பிசைந்து வாயில் வைத்தாள். புளிப்பு முன்னுக்கு வந்தது, அதற்குப் பின்னால் இஞ்சி, கடைசியில் அந்தப் பச்சை மல்லியின் வாசம். அவள் வைத்த மூன்று குழம்பிலும் இது இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது. எச்சில் இலை எடுத்த கை என்று நினைத்தாளோ, பதினெட்டு வருடம் ஊரார் பிள்ளைகளின் கலியாணத்துக்கு நின்று சமைத்தவர் சொந்தப் பிள்ளையின் கலியாணத்தில் சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு பேசாமல் கதிரையில் இருந்தாரே என்று நினைத்தாளோ, அவளுக்கே தெரியவில்லை. தலையைக் குனிந்து தின்றாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டு இருந்தார். கால் நடுங்கியது.

"நீங்களும் இருங்கோ. விழப்போறியள்."

"பந்தி முடியாமல் சமைச்சவன் இருக்கிறேல்லை."

"பந்தியிலை நான் ஒருத்திதான்" என்றாள் சிவக்கொழுந்து. "வேறை ஒருத்தரும் இல்லையெண்டு இண்டைக்குத்தானே கேட்டு அறிஞ்சன். இருங்கோ."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளுக்கு எதிரே இருந்தார். அவள் இடது கையால் இன்னொரு கோப்பையை இழுத்து, அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கினாள்.